பழைய லேப்டாப்புக்கு எந்த ஃபிளாஷ்? டெல்டா மின்சாரத்தை வைத்து சிஎஃப், எஸ்டி, எம்சாட்டா ஒப்பீடு

கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்கள் சிலவற்றில் விண்டோஸ் 98, எக்ஸ்பி ஓடும் லேப்டாப்புகள் இன்னும் வேலை பார்க்கின்றன. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களை வைத்து பேஜ்மேக்கரில் செய்த டிசைன்கள் அந்த மெஷினில்தான் எழுத்து சிதறாமல் திறக்கும். மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலைகளில், எடைமேடைக் கருவியை இணைக்க 9 பின் சீரியல் போர்ட் வேண்டும் என்பதற்காகவே பழைய லேப்டாப்பைக் காப்பாற்றி வைத்திருப்பார்கள். இவை எதுவும் காட்சிக்கு வைத்தவை இல்லை. மெஷின் நின்றால் முகூர்த்தப் பத்திரிகை நிற்கும், நெல் லாரி வாசலில் நிற்கும்.

இவற்றில் முதலில் போவது ஹார்ட் டிஸ்க்தான். 2.5 அங்குலம், 44 பின், ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகை. சென்னை ரிச்சி தெருவில் தேடிப் பிடித்தாலும், கைக்கு வருவது பெரும்பாலும் வேறொரு பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றியதாகவே இருக்கும். அதை நம்பி மாட்டுவதில் அர்த்தமில்லை. சுழலும் பாகம் இல்லாமல் சில்லிலேயே தகவலை வைக்கும் ஃபிளாஷுக்கு மாற வேண்டுமா என்று யோசிக்கவே வேண்டாம். எந்த ஃபிளாஷ் என்பதில்தான் யோசனை வேண்டும்.

இந்த ஒப்பீட்டில் எல்லோரும் வேகத்தை முதலில் வைப்பார்கள். நான் மின்சாரத்தை முதலில் வைக்கிறேன். பழைய லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்திருக்கும். சார்ஜரிலேயே நேரடியாக ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போனால் அந்த நொடியே மெஷினும் அணையும். ஹார்ட் டிஸ்க்கில் அப்படி நடந்தால் பெரும்பாலும் எழுதிக்கொண்டிருந்த கோப்போடு நஷ்டம் முடிந்துவிடும். ஃபிளாஷில் அப்படியில்லை. எந்தத் தகவல் சில்லின் எந்த மூலையில் இருக்கிறது என்ற அட்டவணையை அதன் கன்ட்ரோலர் தானே வைத்துக்கொண்டு ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கும். அந்தத் திருத்தத்தின் நடுவே கரண்ட் போனால், மாதக்கணக்கில் தொடாத கோப்புகளும் போகலாம். சில சமயம் கார்டு இருப்பதையே, மெஷினைத் தொடக்கும் மென்பொருளான பயாஸ் காணாது. ஹார்ட் டிஸ்க் போல முன்கூட்டிக் கரகரத்து எச்சரிக்கவும் செய்யாது.

சிஎஃப் கார்டு

காம்பாக்ட் ஃபிளாஷ், 1994-ல் சான்டிஸ்க் கொண்டுவந்தது. இதன் பெரிய பலம், கார்டே ஐடிஇ மொழி பேசும். நடுவில் மொழிபெயர்க்கும் சில்லு எதுவும் தேவையில்லை. 44 பின்னையும் கார்டின் 50 பின்னையும் கம்பியால் இணைக்கும் சாதாரணப் பலகை போதும். கெட்டுப்போக அதில் அதிகம் எதுவும் இல்லை.

ஆனால் அந்தச் சாதாரணப் பலகையிலும் ஏமாற்று உண்டு. டிஎம்ஏ-வுக்கான, அதாவது ப்ராசஸரைத் தொந்தரவு செய்யாமல் தகவலை நகர்த்தும் முறைக்கான, இரண்டு கம்பிகளை இழுக்காமலே விடும் மலிவுப் பலகைகள் நிறைய. கார்டு டிஎம்ஏ தெரியும் என்று சொல்லும், கம்பி இருக்காது. எக்ஸ்பி சில முறை தடுமாறிவிட்டு பிஐஓ முறைக்கு இறங்கிவிடும். விண்டோஸ் 98 அப்படியே உறைந்து நிற்கலாம். பிஐஓ-வில் அதிகபட்சம் நொடிக்கு 16.7 எம்பி; அதைவிட மோசம், ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் ப்ராசஸரே கூட நிற்க வேண்டும். வாங்கும் முன் பலகையில் டிஎம்ஏ உண்டா என்று கேளுங்கள். தெரியாது என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

இரண்டாவது சிக்கல் எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கு. கேமராவுக்காக விற்கும் சிஎஃப் கார்டுகள் தங்களைக் கழற்றக்கூடிய டிஸ்க் என்று அறிவித்துக்கொள்ளும். எக்ஸ்பி அதில் ஒரு பார்ட்டிஷனுக்கு மேல் பிரிக்க விடாது. ஹிட்டாச்சியின் மைக்ரோடிரைவுக்காக எழுதிய ஃபில்டர் டிரைவரைப் போட்டு இதைச் சமாளிக்கலாம் என்றாலும், அது ஒட்டு வேலைதான். சரியான வழி, தொழிற்சாலைக் கருவிகளுக்கென்று செய்யும் இண்டஸ்ட்ரியல் கார்டு. நிலையான டிஸ்க் என்றே அறிவித்துக்கொள்ளும் கார்டுகள் அந்த வகையில் கிடைக்கும். ஒரு செல்லில் ஒரே பிட் வைக்கும் எஸ்எல்சி சில்லுள்ளது கிடைத்தால், பல மடங்கு முறை எழுதுவதைத் தாங்கும். திடீர் மின்தடைக்குப் பாதுகாப்பு உண்டா என்பதும் அதன் டேட்டாஷீட்டில் எழுதியிருக்கும். விலை கூடுதல், கொள்ளளவு குறைவு. எடைமேடை மெஷினுக்கு 4 ஜிபி-க்கு மேல் எதற்கு?

எஸ்டி கார்டு

மலிவு, எங்கும் கிடைக்கும், நிலையான டிஸ்க் என்றே லேப்டாப்புக்குத் தெரியும். எஸ்டி ஐடிஇ பேசாது என்பதால் பலகையில் மொழிபெயர்க்கும் சில்லு இருக்கும். சந்தையில் பெரும்பாலும் எஃப்சி1307ஏ. பெரிய கோப்பை வாசிக்கும்போது நிமிடத்துக்கு 4200 முறை சுழலும் பழைய டிஸ்க்குக்குக் குறையாது.

கோளாறு, சின்னச் சின்னதாக எழுதும்போது வரும். எக்ஸ்பி பின்னால் ஓயாமல் துண்டு துண்டாக எழுதிக்கொண்டே இருக்கும் அமைப்பு. எஸ்டி கார்டு அங்கே திணறும். மவுஸ் நகரும், மற்றதெல்லாம் சில நொடிகள் நின்றுவிடும். ஏ1 குறியுள்ள கார்டு, அதாவது சிதறிய இடங்களில் நொடிக்கு 500 முறையாவது எழுத உத்தரவாதம் தரும் கார்டு, ஓரளவு உதவும். ஏ2-வுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அதன் வேகம் வர கார்டோடு பேசும் கருவியும் புதிய கட்டளைகளை அறிந்திருக்க வேண்டும். இந்தப் பலகைகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

டாஸ் மட்டும் ஓடும், அதிகம் எழுதாத மெஷினுக்கு எஸ்டி நல்ல தேர்வு. தினம் எழுதும் கணக்கு மெஷினுக்கு, அதுவும் பேட்டரி இல்லாமல், நான் போடமாட்டேன்.

எம்சாட்டா

இது கார்டு இல்லை, சின்ன வடிவில் வரும் முழு எஸ்எஸ்டி, அதாவது ஃபிளாஷ் டிஸ்க். 44 பின் ஐடிஇ பலகையில் மாட்டினால் 2.5 அங்குல டிஸ்க்கின் இடத்தில் உட்காரும். டிஸ்க் இணைப்பு கொடுக்கும் 5 வோல்ட்டை 3.3 ஆகக் குறைக்கும் ரெகுலேட்டர் பலகையிலேயே உண்டு. தரக்குறைவான பலகையில் அது நன்றாகச் சூடாகும். எம்சாட்டாவுக்குப் பின் வந்த எம்.2 வடிவத்துக்கும் பலகைகள் வருகின்றன, ஆனால் அதில் சாட்டா (ஐடிஇ-க்குப் பின் வந்த இணைப்பு முறை) வகை எம்.2 மட்டுமே ஓடும். இன்று கடையில் எம்.2 என்று கேட்டால் எடுத்துக்கொடுப்பது என்விஎம்இ என்ற வேறு வகை. அது இங்கே வேலைக்கு ஆகாது.

2003, 2004 வாக்கில் வந்த திங்க்பேட் டி42 மாதிரி மெஷினுக்கு இதற்கு இணையில்லை. அந்த மெஷின்களில் ஐடிஇ-யின் உச்சம் நொடிக்கு 100 எம்பி, எம்சாட்டா அதை நிரப்பிவிடும். தேடும் நேரம் 12 மில்லிசெகண்டிலிருந்து கிட்டத்தட்ட இல்லாமல் போவதுதான் பெரிய மாற்றம். பேஜ்மேக்கர் எழுத்துருப் பட்டியலைத் திறக்கும்போதே அது தெரியும். 1998 மெஷினில் ஐடிஇ-யே 33 எம்பி-யில் நின்றுவிடும், அங்கே இந்தப் பலம் பாதிக்கு மேல் வீண்.

டி43, ஆர்52 வைத்திருப்பவர்கள் கவனிக்க: உள்ளே சாட்டா கன்ட்ரோலர், வெளியே ஐடிஇ பாலம். அங்கீகரிக்காத டிஸ்க்கைப் பார்த்தால் 2010 என்ற பிழைச்செய்தி காட்டும். திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மின்தடை விஷயத்தில் எம்சாட்டா நடுத்தரம். கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் போனபின் எழுதி முடிக்க உதவும் கெபாசிட்டர் கிடையாது. ஆகவே எம்சாட்டா போட்டால் சின்ன யுபிஎஸ் ஒன்றும் கட்டாயம். லேப்டாப் சார்ஜர் இழுப்பது குறைவுதான், மிகச் சிறிய யுபிஎஸ்ஸே ஒழுங்காக அணைக்க நேரம் தரும். அதை வைக்க இடமோ மனமோ இல்லாத இடத்தில் இண்டஸ்ட்ரியல் சிஎஃப் போடுங்கள்.

டிரான்ஸெண்ட் போன்றவர்கள் 44 பின்னோடு நேரடியாகவே ஐடிஇ எஸ்எஸ்டி விற்றார்கள். நம்பகமான கையிலிருந்து கிடைத்தால் பலகைத் தொல்லையே இல்லை, எடுத்துக்கொள்ளலாம்.

ஆக என் தேர்வு: எக்ஸ்பி ஓடும் அச்சக மெஷினுக்கு எம்சாட்டாவும் யுபிஎஸ்ஸும். விண்டோஸ் 98, டாஸ் ஓடும் ஆலை மெஷினுக்கு இண்டஸ்ட்ரியல் சிஎஃப். நாகப்பட்டினம், வேதாரண்யம் கடலோரம் என்றால் எதைப் போட்டாலும் வருஷம் ஒருமுறை கழற்றி பின்களைத் துடைக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்குக்கு இருந்த மூச்சுத்துளை ஃபிளாஷில் இல்லை என்றாலும், உப்புக்காற்று பின்களை விடுவதில்லை. பலகையில் 44 பின்னோடு கார்டோ எஸ்எஸ்டியோ சேரும் இடமும் இருப்பதால், துடைக்கும் வேலை இரட்டிப்பு.

மாட்டும்போது

கொள்ளளவில் பேராசை வேண்டாம். 90-களின் நடுவில் வந்த பல பயாஸ்கள் 8.4 ஜிபி-யைத் தாண்டிப் பார்க்காது. அடுத்த தலைமுறையில் சில 33.8 ஜிபி-யில் உறைந்துபோகும். அதற்குப் பிந்தையவை 137 ஜிபி வரை. எக்ஸ்பி-யும் முதல் சர்வீஸ் பேக்குக்குப் பிறகுதான் 137-ஐத் தாண்டும். 120 ஜிபி எம்சாட்டா இந்தக் கடைசி எல்லைக்குள் நிம்மதியாக அடங்கும்.

எக்ஸ்பி தானாகப் பிரித்தால் பார்ட்டிஷனை 63-வது செக்டாரில் (டிஸ்க்கின் சிறு துண்டில்) தொடங்கும். ஃபிளாஷின் பக்கங்களோடு அது பொருந்தாது, ஒருமுறை எழுதுவது இரண்டுமுறை ஆகிவிடும். பார்ட்டிஷன் பிரிக்கும் ஜிபார்ட்டட் லைவ் சிடியில் 2048-வது செக்டாரில் தொடங்கிப் பிரித்துவிட்டுப் பிறகு விண்டோஸை நிறுவுங்கள். அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளை எக்ஸ்பி-க்குத் தெரியாது என்பதால் கடைசியில் பத்து சதவீத இடத்தைப் பிரிக்காமலே விடுவதும் நல்லது.

பழைய டிஸ்க் இன்னும் சுழல்கிறது என்றால், இதற்கெல்லாம் முன்பே அதை லினக்ஸில் டிடிரெஸ்க்யூ கொண்டு முழுதாகப் படியெடுத்துவிடுங்கள். சத்தம் கேட்க ஆரம்பித்த டிஸ்க்கை விண்டோஸில் திறந்து கோப்பு கோப்பாக இழுக்கக் கூடாது. 44 பின்னில் 20-வது பின் இருக்காது, அதுதான் திசை காட்டும் அடையாளம். சில பலகைகளில் அந்தத் துளை அடைக்கப்படாமல் தலைகீழாகவும் ஏறும். ஒரு வரிசை தள்ளி ஏறினாலே 5 வோல்ட் போகக் கூடாத இடத்துக்குப் போகும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, வெளிச்சத்தில் வைத்து, அந்த 20-வது இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகே அழுத்துங்கள்.