பால்ட்வின் 111: குவாத்தமாலா மலைப்பாதைக்காகச் செய்த ஒரு சிறு இன்ஜின்

கொலராடோவில் உள்ள ஜார்ஜ்டவுன் லூப் ரயில்பாதையில் சுற்றுலாப் பயணிகளை இன்று இழுத்துச் செல்லும் 111 என்ற எண்ணுடைய நீராவி இன்ஜின், அந்த மலைகளுக்காகச் செய்யப்பட்டது அன்று. 1926-இல் பால்ட்வின் நிறுவனம் அதை இன்டர்நேஷனல் ரயில்வேஸ் ஆஃப் சென்ட்ரல் அமெரிக்கா என்ற கம்பெனிக்காகச் செய்து, குவாத்தமாலா, எல் சால்வடோர் பக்கம் அனுப்பியது. அதன் பின்னால் பயணம் செய்த பிறகு, மலைக்காட்சியை விட்டுவிட்டு இன்ஜினை மட்டும் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஒரு இன்ஜினை அது எந்தப் பாதைக்காக வாங்கப்பட்டதோ அந்தப் பாதையை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். கரீபியக் கடற்கரையில் உள்ள புவர்த்தோ பாரியோஸ் துறைமுகத்திலிருந்து குவாத்தமாலா நகரம் வரை சுமார் 315 கிலோமீட்டர். 1908-இல் முடிக்கப்பட்ட அந்தப் பாதை, மோத்தாகுவா ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே நெடுந்தூரம் சென்று, பிறகு கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் தலைநகரை எட்டியது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே அகலம் மூன்று அடி, அதாவது 914 மில்லிமீட்டர். மீட்டர் பாதையைவிடவும் சற்றுக் குறுகலானது. வாழைப்பழத்துக்கும் காப்பிக்கும் சரக்குப் பாதையாகப் பயன்பட்ட இந்த வழியில், கூர்மையான வளைவுகளும் கடுமையான ஏற்றங்களும் இருந்தன. கனத்த இன்ஜினை அங்கே விட முடியாது. இலேசான இன்ஜினோ ஏற்றத்தில் வழுக்கிக்கொண்டு நின்றுவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் பால்ட்வின் கொடுத்த விடைதான் 2-8-0 என்ற சக்கர அமைப்பு. கன்சாலிடேஷன் என்பது அதன் பெயர். முன்னால் உள்ள இரண்டு சிறு சக்கரங்கள் வளைவுக்குள் இன்ஜினை வழிநடத்த, பின்னால் இணைக்கம்பிகளால் கோக்கப்பட்ட எட்டுச் சக்கரங்கள் இழுக்கின்றன. இன்ஜினின் எடையில் பெரும்பகுதி இழுக்கும் சக்கரங்கள் மேலேயே இருப்பதால் தண்டவாளத்தில் நல்ல பிடிமானம் கிடைக்கிறது. அதே எடை நான்கு அச்சுகளுக்குப் பிரிந்துபோவதால் எந்த ஓர் அச்சும் தண்டவாளத்தை அளவுக்கு மீறி அழுத்துவதில்லை. சக்கரங்கள் சிறியவை. சக்கரம் சிறுக்கச் சிறுக்க, அதே சிலிண்டரிலிருந்து கிடைக்கும் இழுவிசை கூடும், வேகம் குறையும். அந்தப் பாதையில் வேகத்துக்கு இடமே இல்லாததால் இதில் இழப்பு ஒன்றும் இல்லை.

ஜார்ஜ்டவுன் லூப்பில் திறந்த பெட்டியில் உட்கார்ந்து கேட்டால் இந்தக் கணக்கெல்லாம் காதுக்கே புரிகிறது. இரண்டு சிலிண்டர்களிலும் பிஸ்டனின் இரு பக்கமும் நீராவி வேலை செய்வதால், சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் புகைபோக்கியிலிருந்து நான்கு மூச்சு வெளிவரும். ஏற்றத்தில் அந்த நான்கையும் தனித்தனியாக எண்ண முடிந்தது. ஒன்றுக்கொன்று இடைவெளி மாறாமல், கனமாக, நிதானமாக வந்தன. ஏறக்குறைய 29 மீட்டர் உயரமுள்ள டெவில்ஸ் கேட் பாலத்தின் மீது வண்டி மெதுவாகக் கடந்தபோதும் அந்தத் தாளம் குலையவில்லை. நூறாண்டை நெருங்கும் ஓர் இயந்திரத்திடம் இதைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைந்தது.

குறை ஒன்று உண்டு, அது வடிவத்திலேயே இருக்கிறது. 2-8-0 அமைப்பில் நெருப்புப் பெட்டிக்குக் கீழே அதைத் தாங்கத் தனிச் சக்கரம் கிடையாது; இழுக்கும் சக்கரங்களோடு அது இடத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. குறுகிய பாதையில் அந்த நெருக்கடி இன்னும் கூடுதல். நீண்ட ஏற்றத்தில் சிலிண்டர்கள் கேட்கிற அளவுக்கு நீராவியைக் கொதிகலன் தொடர்ந்து கொடுக்க வேண்டுமானால் பெரிய நெருப்புப் பெட்டி வேண்டும். குவாத்தமாலாவில் எண்ணெய் எரித்தது ஓரளவு கைகொடுத்தது, ஏனென்றால் நிலக்கரி பரப்பும் அகலமான தட்டு எண்ணெய்க்குத் தேவைப்படுவதில்லை. ஆனாலும் நெருப்பு விரிந்து எரிய இடம் வேண்டும் என்ற தேவை அப்படியே இருந்தது. பின்னால் இரண்டு சக்கரங்களைச் சேர்த்து, அவற்றின் மேல் அகலமான நெருப்புப் பெட்டியை வைத்த 2-8-2 மிக்காடோ இன்ஜின்களையும் அதே கம்பெனி வாங்கியதற்கு இதுவே தக்க காரணம் என்று கருதுகிறேன். 1948-இல்கூட அந்தப் பாதைக்கு பால்ட்வின் மிக்காடோக்கள் வந்தன. நீண்ட தூரச் சரக்குக்கு நான் மிக்காடோவைத்தான் தேர்ந்தெடுப்பேன். குறுகிய தூரத்தில் அடிக்கடி நின்று, ஏறி இறங்கும் வேலைக்கு 111 போன்றதே போதும்.

1929-இல் எல் சால்வடோருடன் இணைப்பு முடிந்தபோது அங்கும் அதே மூன்று அடி அகலமே இருந்ததால், எல்லையைத் தாண்டியும் இந்த இன்ஜின்களால் வேலை செய்ய முடிந்தது. கோஸ்டாரிகாவிலும் நிக்கராகுவாவிலும் மூன்றரை அடி அகலம் என்பதால் அந்த வழிகளுக்கு இவை பயன்படாது. கொலராடோவின் பழைய மலைப்பாதைகள் மூன்று அடி அகலமுள்ளவை என்ற ஒற்றுமைதான் 111-க்கு இரண்டாவது வாழ்வைக் கொடுத்தது. 1920, 1921-ஆம் ஆண்டுகளில் அதே கம்பெனிக்காகச் செய்யப்பட்ட 40, 44 ஆகிய இன்ஜின்களும் அவ்வாறே கொலராடோ வந்து சேர்ந்தன. அச்சையோ இன்ஜினின் அடிச்சட்டத்தையோ வெட்டி மாற்றாமல், செய்த அகலத்திலேயே இவை ஓட முடிந்தது.

ஜார்ஜ்டவுன் லூப்பில் பயணம் செய்ய விரும்புவோர், இன்ஜினுக்குப் பின்னால் எரிபொருளையும் தண்ணீரையும் சுமந்து வரும் டெண்டருக்கு மிக அருகில் உள்ள பெட்டியைத் தேர்ந்தெடுக்கவும். கரி படியும், ஆனால் அந்த நான்கு மூச்சும் அங்கேதான் தெளிவாகக் கேட்கும். குவாத்தமாலா நகரத்துக்குச் செல்பவர்கள் பழைய நிலையத்தில் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கும் போகலாம். இந்தப் பாதைகளில் உழைத்த இன்ஜின்கள் அங்கே நிற்கின்றன.