வாரத்தில் மூன்றே நாள் ஓட்டம்: மூன்று வருடம் கழித்து

எனக்கு வயது 44. வங்கி வேலை, கோவை வடவள்ளியில் வீடு, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். காலை 6.30 மணிக்குக் குக்கர் அடுப்பில் ஏறியாக வேண்டும். அதற்கு முன்னால் கிடைப்பதுதான் எனக்கான நேரம். வாரத்துக்கு ஐந்து, ஆறு நாள் ஓடச் சொல்லும் பயிற்சி அட்டவணைகளைப் பார்த்தாலே பெருமூச்சு வரும். அப்படித் தேடிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டதுதான் இந்த மூன்று நாள் முறை.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் உருவானது இது. வாரத்தில் மூன்று ஓட்டம்தான். ஒருநாள் சிறு தூரங்களை வேகமாகத் திரும்பத் திரும்ப ஓடும் இன்டர்வல், ஒருநாள் மூச்சு இறுகும் வேகத்தில் டெம்போ, ஒருநாள் நீண்ட ஓட்டம். சும்மா ஓடி கிலோமீட்டர் சேர்ப்பது என்ற பேச்சே கிடையாது. ஓட்டம் இல்லாத நாள்களில் இரண்டு நாள் சைக்கிளோ நீச்சலோ செய்ய வேண்டும். இந்தக் கடைசி வரியை நான் முதல் வருடம் வசதியாக மறந்துவிட்டேன்.

செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வைத்துக்கொண்டேன். தொடங்கியது ஜூன் மாதம். வங்கிக்காரிக்கு மார்ச் மாதம் காலண்டரிலேயே கிடையாது, வருடக் கணக்கு முடிக்கும் வேலை அப்படி. ஏப்ரல், மே வெயில். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கிவிட்டால் கோவையில் ஓடுவது சுகம். டிசம்பரில் நேரு ஸ்டேடியம் பக்கம் நடக்கும் கோவை மாரத்தானில் அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர், இதுதான் இலக்கு. அதற்கு முந்தைய முயற்சியில், நினைத்தபோது ஓடி, நினைத்தபோது விட்டு, 2 மணி 44 நிமிடத்தில் முடித்திருந்தேன். கடைசி 5 கிலோமீட்டர் பாதியும் நடைதான்.

முதல் இரண்டு மாதம் அருமையாகப் போனது. எங்கள் லே-அவுட் பூங்காவைச் சுற்றி வந்தால் ஏறக்குறைய 400 மீட்டர். செவ்வாய்க்கிழமை அதில் எட்டுச் சுற்று வேகமாக, சுற்றுக்கு 2 நிமிடம் 20 நொடி, நடுவில் ஒன்றரை நிமிட நடை. மொத்தம் 50 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். முதல் வாரம் என்னைப் பார்த்துவிட்டு மாமியார் கேட்டார்: "ஏங் கண்ணு, ஆரு தொரத்தறாங்கன்னு இப்புடி ஓடற?" தெரு நாய்கள்கூட முதல் வாரம் அதே கேள்வியோடுதான் வந்தன. (நாய் துரத்தினால் ஓடக்கூடாது, நின்றுவிட வேண்டும். ஓடப் போனவளுக்கு இது கஷ்டமான பாடம்.)

ஆகஸ்ட் கடைசியில் காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் பத்து அடி வைக்கும்போது குதிகாலுக்கு மேலே சுருக் என்றது. நடக்க நடக்கச் சரியாகிவிடும். ஓடினால் இன்னும் நன்றாகவே சரியாகிவிடும், அதுதான் அதன் தந்திரம். அக்டோபரில் மாடிப்படி இறங்கவே கைப்பிடி தேவைப்பட்டது. பிசியோதெரபிஸ்டிடம் போனேன்.

"வாரத்துக்கு எத்தன நாள் ஓடறீங்க மேடம்?"

"மூணு நாளுதானுங்க."

"மூணு நாளும் வேகமாவா?"

எனக்குப் பதில் வரவில்லை. அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கும் ஒரு வேகம் போட்டிருந்தது, அதுவும் எனக்குக் கடுமையான வேகம்தான். ஆக, வாரத்தில் மூன்று முறை காலைப் போட்டு அடித்திருக்கிறேன். நுரையீரலும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். குதிநாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நார்) போன்ற தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அவை பழக மாதக்கணக்கில் ஆகும். நேரம் குறைவு என்று நான் எல்லாவற்றையும் சுருக்கலாம், அதைச் சுருக்க முடியாது.

அவர் கொடுத்த மருந்து ஒரு படிக்கட்டு. முன்பாதத்தைப் படியின் விளிம்பில் வைத்து, இரண்டு காலாலும் எக்கி, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலைக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று செட், சற்று மடக்கி இன்னொரு மூன்று செட். காலை மாலை இரண்டு வேளையும், 12 வாரம். சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃபிரட்சன் என்ற மருத்துவர் 1998-இல் வெளியிட்ட முறையாம். சமையலறையிலிருந்து பின்கட்டுக்கு இறங்கும் படியில், கிரைண்டரில் மாவு ஆடும் நேரத்தில் செய்வேன். உளுந்து பொங்கி வருவதற்குள் ஆறு செட்டும் முடிந்துவிடும். 12 வாரம் முழுதாகச் செய்தேன், வலி போய்விட்டது. இன்றும் வாரம் இரண்டு நாள் செய்கிறேன், அரைக்கும் மாவுக்குக் குறைவில்லையே.

அந்த டிசம்பரில் பாதி குணமான காலோடு 2 மணி 33 நிமிடம். முந்தையதைவிடப் பரவாயில்லை. ஆனால் முறையை அப்படியே பின்பற்றினேன் என்று சொல்ல மாட்டேன், இனிப் பின்பற்றவும் மாட்டேன்.

இரண்டாம் வருடம் மூன்று மாற்றம் செய்தேன். வியாழக்கிழமை டெம்போவை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆக்கினேன், இடைப்பட்ட வாரத்து வியாழனில் வெறும் 6 கிலோமீட்டர் மெது ஓட்டம். ஞாயிறு ஓட்டத்தை வெட்கமில்லாமல் மெதுவாக்கினேன், கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 45 நொடி முதல் 8 நிமிடம். பக்கத்தில் யாராவது இருந்தால் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. மூன்றாவதாக, மறந்துபோன சைக்கிள். திங்களும் வெள்ளியும் ஆர்.எஸ்.புரம் கிளைக்கு மகனின் சைக்கிளில் போய்வருகிறேன், இரண்டு வழியும் சேர்த்து 14 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பயிற்சிக்கென்று தனியாக ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை, பஸ்ஸுக்கு நிற்கும் நேரம் மிச்சம். இந்த மூன்றில் எதை விட்டாலும் விடுவேன், சைக்கிளை விடமாட்டேன்.

ஞாயிறு ஓட்டம் எனக்குத் தனி உலகம். 4.45-க்குக் கிளம்பினால் முதலில் வேளாண் பல்கலைக்கழகம் பக்கமாக, ஊர் நோக்கி. மலைப் பக்கம் இருட்டில் போக மாட்டேன். மருதமலை அடிவாரத்தில் யானை நடமாட்டம் உண்டு, என் வேகம் யானைக்குப் போதாது. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு திரும்பி, வீட்டு வாசலில் வைத்திருக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு, பாரதியார் பல்கலைக்கழகம் வரை மெல்ல ஏறும் ரோடு. 8 கிலோமீட்டரில் தொடங்கி வாரம் ஒன்று, ஒன்றரை கூட்டி, நாலாவது வாரம் குறைத்து, 18 வரை போவேன். அரை மாரத்தானுக்கு அது போதும். சாப்பாடு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிளம்பும் முன் பாதி நேந்திரம்பழம், கையில் ஓ.ஆர்.எஸ். கடலை மிட்டாய் எல்லோரும் சொல்கிறார்களே என்று முயன்றேன், ஓடும்போது வாயெல்லாம் பொடி, இருமலே வந்துவிட்டது. பேரீச்சம்பழம் தேவலை.

இரண்டாம் வருட டிசம்பரில் 2:19. ஒரு அடிகூட நடக்கவில்லை. வாரத்துக்கு ஓடிய நேரம் நாலு மணி நேரத்தைத் தாண்டவே இல்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்த முறைக்கு நானே விளம்பரம் செய்திருப்பேன். மூன்றாம் வருடம் பேராசை, ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான். அதே மூன்று நாள், ஞாயிறு மட்டும் 30 கிலோமீட்டர் வரை. என் வேகத்தில் 30 என்பது நாலு மணி நேரம். காலை ஒன்பது மணிவாக்கில் வந்து விழுந்தால் அன்றைக்கு நான் யாருக்கும் பயன்பட மாட்டேன். இரண்டு ஞாயிறு அப்படிப் போனதும் வீட்டில் முகங்கள் மாறின, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது நீண்ட ஓட்டத்தை 24-லேயே நிறுத்திவிட்டேன்.

நேப்பியர் பாலத்தில் இருட்டில் நின்றபோதே பனியன் உடம்பில் ஒட்டியது. கோவைக் காற்றில் பயிற்சி எடுத்துவிட்டு கடற்கரைப் புழுக்கத்தில் ஓடுவது வேறு கதை. வியர்வை வழிகிறது, ஆவியாகவில்லை, உடம்பு குளிரவே இல்லை. 31-ஆவது கிலோமீட்டரில் கால்கள் கடையை மூடிவிட்டன. உடம்பில் சேர்த்துவைத்த கிளைக்கோஜன், அதாவது மாவுச்சத்துக் கையிருப்பு, தீர்ந்துபோகும் இடம் அது. வாரம் நாற்பது கிலோமீட்டர்கூட எட்டாத கால்களுக்குக் கடனாகத் தர யாருமில்லை. மீதி 11 கிலோமீட்டரைப் பெரும்பாலும் நடந்தேன். 5 மணி 47 நிமிடம். பதக்கம் இருக்கிறது, பூஜை அறைக் கதவில் தொங்குகிறது.

எனவே யாராவது கேட்டால், 10 கிலோமீட்டருக்கும் அரை மாரத்தானுக்கும் மூன்று நாள் தாராளம் என்பேன். முழு மாரத்தானை இப்படி முடித்தவர்கள் உண்டு, ஆனால் அவர்களில் பலருக்குப் பின்னால் பல வருட ஓட்டம் இருக்கிறது. என்னைப் போல நாற்பதில் தொடங்கியவருக்கு நாலாவது நாள் வேண்டும், அல்லது இன்னும் இரண்டு வருடம் வேண்டும்.

இந்த வருடம் மறுபடி டிசம்பர் அரை மாரத்தானுக்குத்தான் பெயர் கொடுத்திருக்கிறேன். பெரியவள் பிளஸ் டூ, ஞாயிறு காலை டியூஷனுக்கு நான்தான் கொண்டுபோய் விட வேண்டும். அவள் கல்லூரி சேர்ந்த பிறகு சென்னையைப் பார்த்துக்கொள்ளலாம்.