அப்பத்தாவின் தாலாட்டுக்கு எந்த ரிவர்ப்?

காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில், முன்பு நெல் மூட்டை அடுக்கியிருந்த அறைதான் இப்போது என் ஸ்டுடியோ. சுவர் முழுக்கப் பழைய மெத்தையும் ஜமுக்காளமும். அப்பத்தாவை உட்காரவைத்துத் தாலாட்டுப் பதிந்தது அங்கேதான். சுத்தமான பதிவு, ஆனால் எண்ணெய் காணாத தலை மாதிரி வறண்டு கிடந்தது. அவர் காலமெல்லாம் அந்தப் பாட்டைப் பாடியது வளவில், அதாவது தூண்கள் சூழ்ந்த திறந்த முற்றத்தில். அங்கேயே பதிந்திருக்கலாமே என்றால், பகல் முழுக்கப் புறா, மிக்சி, பக்கத்து வீட்டு மோட்டார். ஆக, வளவை ரிவர்பில்தான் (பாடும் இடத்தின் முழக்கத்தைப் பதிவில் பின்னால் சேர்ப்பது) கொண்டுவர வேண்டும். மூன்று வழிகளில் முயன்றேன்: ரிவர்ப் மென்பொருளான ப்ளகினோடு வரும் ப்ரீசெட் (முன்பே செய்துவைத்த அமைப்பு), வளவிலேயே எடுத்த இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (இனி ஐஆர்; ஒரு சத்தத்துக்கு அந்த இடம் தரும் எதிரொலியின் பதிவு, அதைக் குரல் மேல் ஏற்றலாம்), எல்லா நாபையும் நானே திருப்பி உருவாக்குவது.

முதலில் 'லார்ஜ் ஹால்' ப்ரீசெட். அரை நிமிட வேலை. ஹெட்போனை மாட்டிக் கேட்ட அப்பத்தா, "ஏன்டா, நான் எப்ப கிணத்துக்குள்ள இறங்கிப் பாடுனேன்?" என்றார்.

அவர் சொன்னது சரி. ஹால் ப்ரீசெட்டுகள் பெரும்பாலும் மேற்கத்தியக் கச்சேரி அரங்கை மனதில் வைத்துச் செய்தவை. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹாலிலேயே ஒலி அடங்க 2 விநாடிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஆகும். நான் எடுத்த ப்ரீசெட்டில் 3 விநாடிக்கு மேல் வைத்திருந்தார்கள். 'ஆராரோ' இழுப்பில் குரல் அசைந்து அசைந்து இறங்கும்போது, முந்தைய சுரத்தின் வால் அடுத்த சுரத்தின் மேல் படிந்து எல்லாம் கூழாகிவிடுகிறது. மாடுலேஷன் இன்னொரு தொல்லை. வால் உலோகம்போல் ஒலிக்காமல் இருக்க, ப்ளகின் அதன் சுருதியை லேசாக ஆட்டும். பியானோவுக்கு அழகுதான். கீழே சுருதிப் பெட்டி ஓடும்போது மட்டும் யாரோ சுருதி சேராமல் கூடவே முனகுவது போலிருக்கும்.

ப்ரீசெட் விஷயத்தில் நான் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டது, மூலக் குரலோடு ரிவர்ப் எவ்வளவு கலக்க வேண்டும் என்று சொல்லும் மிக்ஸ் நாபில். ட்ராக்கிலேயே நேராகப் போடுவார்கள் என்று எண்ணிப் பல ப்ரீசெட்டுகளில் மிக்ஸை 30, 40 சதவீதத்தில் வைத்திருப்பார்கள். குரலின் நகலைத் தனி வழியில் அனுப்பும் சென்டில் போட்டால் அது 100 ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் மூலக் குரல் இரண்டாவது முறையும் கலந்து சத்தம் கூடும், 'ஆகா, இந்த ரிவர்ப் நன்றாக இருக்கிறதே' என்று காது ஏமாறும். மிக்ஸைப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டிவிட்டுத்தான் ப்ரீசெட் தேட வேண்டும்.

ப்ரீசெட்டுகளில் தேறியது பிளேட். 1957இல் வந்த இஎம்டி 140 என்ற பெட்டியின் வழிவந்தது இது. உள்ளே தொங்கும் பெரிய எஃகுத் தகட்டை அதிரவைத்துப் பிடித்த ஒலி. அது எந்த அறையும் அல்ல என்பதுதான் அதன் பலம். குரல் முன்னாலேயே நிற்கும். சினிமாப் பாட்டுக்கு அது போதும். ஆனால் அது அப்பத்தாவின் வளவு இல்லை.

அடுத்தது ஐஆர். விடியற்காலை 3 மணிக்கு மின்விசிறியெல்லாம் நிறுத்திவிட்டு, வளவின் ஒரு மூலையில் ரெக்கார்டரை வைத்து எதிர்மூலையில் பலூன் உடைத்தேன். முழு வீடும் எழுந்துவிட்டது. வாங்கிய திட்டை விட்டுவிடுவோம். பளபளக்கும் சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல், பர்மா தேக்குத் தூண், எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. அதனால் நீண்ட முழக்கத்தை எதிர்பார்த்தேன். வந்ததோ ஒரு விநாடிகூட நிற்காத ஒலி.

காரணம் தலைக்கு மேலே இருந்தது. 1895 வாக்கில் ஹார்வர்டில் அறை ஒலியை அளக்கத் தொடங்கிய வாலஸ் சபைன், ஒலி உறிஞ்சுதலுக்குத் திறந்த சன்னலைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொண்டார். அதன் வழியே போன ஒலி திரும்பாது. (அவரும் ஊர் அடங்கிய பிறகு இரவில்தான் அளந்தார்.) எங்கள் முற்றம் வானம் பார்த்த பெரிய சன்னல். சுற்றிலும் தூண்களில் பட்ட முதல் எதிரொலிகள் கண்ணாடி வளையல் மாதிரி சிதறும், மிச்சம் மேலே போய்விடும். எந்த ஹால் ப்ரீசெட்டிலும் இந்தக் குணம் இல்லை.

ஐஆரிலும் குறை உண்டு. பலூனில் அடி ஒலி பலமில்லை. ஸ்பீக்கரில் 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறும் சைன் ஸ்வீப் விட்டுப் பதிந்து டிகன்வால்வ் செய்வது (பதிவிலிருந்து ஸ்வீப்பை நீக்கி அறையின் எதிரொலியை மட்டும் பிரிப்பது) மேல். என் முதல் ஐஆரில் ஒரு புறா சிறகடித்திருந்தது. அதன் பலன், அப்பத்தாவின் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் மெல்லிய சரசரப்பு. ஐஆரின் வாலை வெட்டி எறிந்தேன். பிறகு, இந்த ஒலியை நினைத்தபடி நீட்டவோ குறுக்கவோ முயன்றால் செயற்கைத்தனம் எட்டிப்பார்க்கும்.

மூன்றாவது வழி, சும்மா இரண்டு இரவைத் தின்றது. சுற்றிச் சுற்றி வந்து நின்ற இடம், ஏற்கெனவே இருந்த ஒரு 'ரூம்' ப்ரீசெட்டின் பக்கத்து வீடு.

இப்போது மற்றப் பாட்டுகளில் ஐஆரைப் போடாவிட்டாலும் அளவுக்கு வைத்துக்கொள்கிறேன். தூண் 3 மீட்டர் தள்ளி என்றால் ஒலி போய்வர 6 மீட்டர், ஏறக்குறைய 17 மில்லிசெகண்ட். ரூம் ப்ரீசெட்டில் ப்ரீடிலே (ரிவர்ப் தொடங்கும் முன் இடைவெளி) அந்த 17, டிகே (ஒலி அடங்கும் நேரம்) 0.9 விநாடி, மாடுலேஷன் பூஜ்யம், 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. நாதஸ்வரம், பஜனை, ஊர்க்காரர்கள் அவசரமாகக் கேட்கும் கும்பாபிஷேகப் பாட்டு எல்லாவற்றுக்கும் இதுதான் ஓடுகிறது. தாலாட்டுக்கு மட்டும் வளவு ஐஆர். போட்டுக் காட்டியபோது அப்பத்தா ரிவர்பைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டாவது அடியில் ஒரு வரியை விட்டுவிட்டேன், திரும்ப எடு என்றார்.