மோர்ஸ் முதல் ஃபாயில் வரை: அவசரப்படாத துப்பறியும் தொடர்கள்

'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' என்ற பிரிட்டிஷ் துப்பறியும் டிவி தொடரின் தொடக்க இசையைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், அடியில் ஒரு தாளம் தட்டிக்கொண்டே இருப்பது தெரியும். நெடில் இரண்டு, நெடில் மூன்று, குறில், நெடில், குறில், குறில் மூன்று, கடைசியில் ஒற்றைக் குறில். தந்திச் சங்கேதத்தில் அது எம், ஓ, ஆர், எஸ், ஈ. நாயகனின் பெயரையே இசையமைப்பாளர் பேரிங்டன் ஃபெலூங் தாளமாக்கிவிட்டார். தொடரில் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை. கவனிக்கிற காதுக்கு மட்டும் அகப்படும். இந்தத் தொடர்கள் தடயங்களை ஒளித்து வைப்பதும் இப்படித்தான்.

மோர்ஸ் 1987 ஜனவரியில் பிரிட்டனின் ஐடிவி சேனலில் தொடங்கி 2000 நவம்பரில் முடிந்தது. மொத்தம் 33 கதைகள். ஒவ்வொன்றுக்கும் விளம்பரத்தோடு சேர்த்து இரண்டு மணி நேரம் ஒதுக்கினார்கள். விளம்பரம் போனால் ஏறக்குறைய 100 நிமிடம். 50 நிமிடத் தொடரில் முதல் சில நிமிடங்களுக்குள் பிணம் விழுந்தாக வேண்டும். இங்கே அந்த நெருக்கடி கிடையாது. முதல் கதையான 'தி டெட் ஆஃப் ஜெரிக்கோ'வில், இறக்கப்போகிற பெண்ணும் மோர்ஸும் ஒரே இசைக்குழுவில் பாடுகிறார்கள், பேசுகிறார்கள், மோர்ஸின் மனசில் ஓர் ஆசையும் துளிர்க்கிறது. சாவு அதற்குப் பிறகுதான். அதனால் அது வெறும் வழக்கு எண்ணாக வராமல், தெரிந்த ஒருவரின் வீட்டுச் சாவாக வந்து நெஞ்சில் இடிக்கிறது.

இந்த நிதானத்துக்கு ஊர் நடைமுறையிலேயே காரணம் இருக்கிறது. பிரிட்டனில் சாதாரண போலீஸ்காரர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை. துப்பாக்கியைக் காட்டி உண்மையை வரவழைக்க வழியில்லாதபோது அதிகாரிக்கு மிஞ்சுவது கேள்வி கேட்பது ஒன்றுதான். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்றம் சாட்டாமல் ஒருவரை வைத்திருக்க முதலில் 24 மணி நேரம். மேலதிகாரி அனுமதித்தால் 36. அதற்கு மேல் வேண்டுமென்றால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கேயும் உச்சவரம்பு 96. மோர்ஸின் விசாரணை அறையில் யாராவது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால், ஓடிக்கொண்டிருப்பது இந்தக் கணக்கு. இது தெரிந்துவிட்டால், இரண்டு பேர் மேசைக்கு எதிரெதிரே சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சியே பரபரப்பாகிவிடும்.

மோர்ஸ் மகா மேதையும் அல்ல. குறுக்கெழுத்துப் போடுகிறவர், வாக்னரின் இசை கேட்கிறவர், சிவப்பு ஜாகுவார் மார்க் 2 கார் ஓட்டுகிறவர், ரத்தத்தைக் கண்டால் முகம் திருப்புகிறவர். அழகாக ஒரு கோட்பாடு கட்டுவார். அது இடிந்து விழும். தவறான ஆளைக் கைது செய்வார். சார்ஜென்ட் லூயிஸ் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வீட்டு விஷயத்தில் முடிச்சு அவிழும். மோர்ஸாக வரும் ஜான் தா, லூயிஸாக வரும் கெவின் வேட்லி இருவரின் நடிப்பில் பாதி மௌனம்தான். லூயிஸ் மனைவிக்குப் போன் செய்து இன்றைக்கும் வர நேரமாகும் என்று சொல்லும்போது மோர்ஸின் முகத்தைப் பாருங்கள். வீட்டில் காத்திருக்க ஆளில்லாதவனின் வலி அத்தனையும் அங்கே இருக்கும்.

தொடர்ச்சியாக வந்தவை இரண்டு. 'லூயிஸ்' 2006 முதல் 2015 வரை, அதுவும் 33 கதைகள். இளம் மோர்ஸைக் காட்டும் 'எண்டெவர்' 2012 முதல் 2023 வரை, 36 கதைகள். கதைக்காலம் 1965-இல் தொடங்குகிறது. எண்டெவரின் முன்னோட்டக் கதை முடியும் இடம் ஒன்று போதும், இவர்களின் கைத்திறனைச் சொல்ல. இன்னும் 20 வருஷத்தில் எங்கே இருப்பாய் என்கிற மாதிரி மேலதிகாரி தர்ஸ்டே கேட்கிறார். காரில் இருக்கும் இளைஞன் நிமிர்ந்து பின்பக்கக் கண்ணாடியைப் பார்க்கிறான். கண்ணாடியில் தெரிவது ஜான் தாவின் கண்கள். பழைய இசை எழும்புகிறது. வசனமே இல்லை. அதே தர்ஸ்டேக்கு மனைவி கட்டிக் கொடுக்கும் சாண்ட்விச்சில் கிழமைக்கு ஒரு பண்டம். பொட்டலம் பிரிக்குமுன் மோர்ஸ் சரியாகச் சொல்லிவிடுவான். பத்திரிகை ஆசிரியையாக வருபவர் ஜான் தாவின் மகள் அபிகெய்ல் தா.

எந்த வரிசையில் பார்ப்பது? கதைக்காலப்படி எண்டெவரில் தொடங்கச் சொல்பவர்கள் உண்டு. அது வேண்டாம். மோர்ஸைத் தெரியாதவருக்கு அந்தக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. மோர்ஸில் ஐந்தாறு கதை பார்த்துவிட்டு எண்டெவருக்குப் போங்கள். கடைசிக் கதையான 'தி ரிமோர்ஸ்ஃபுல் டே'யை மட்டும் முழுத் தொடரும் முடியும்வரை தொடாதீர்கள். 'லூயிஸ்' தொடர் அதற்குப் பிறகுதான். அதில் 7-ஆவது பருவத்திலிருந்து ஒவ்வொரு கதையும் இரண்டு பாகமாக ஒளிபரப்பானது. உட்காருமுன் இரண்டு பாகமும் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால், பதிலுக்கு முந்தைய அந்த இரண்டு விநாடித் தயக்கம் காணாமல் போகும். பொய் சொல்கிறவர் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். மோர்ஸின் ஆரம்பக் கதைகள் பழைய 4:3 சட்டகத்தில் எடுத்தவை. டிவி தானாக இழுத்து விரித்தால் முகங்கள் அகன்றுபோகும். அமைப்பில் போய் 4:3 வையுங்கள், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்வது நல்லது. லூயிஸின் வடகிழக்கு இங்கிலாந்து உச்சரிப்பு பழகச் சற்று நேரமாகும், முக்கியமான வரிகளோ முணுமுணுப்பாகத்தான் வரும். முதல் கால் மணி நேரத்தில் ஏழெட்டுப் பெயர்கள் வந்து குவியும். யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் நடுவில் தடுமாற்றம் இருக்காது.

குறைகளும் உண்டு. வழக்கோடு தொடர்புள்ள பெண்ணிடம் மோர்ஸ் மனசைக் கொடுப்பது திரும்பத் திரும்ப வருகிறது. நாலாவது முறை அது எங்கே போய் முடியும் என்று முன்னாலேயே தெரிந்துவிடும். எண்டெவரின் பிந்திய பருவங்களில் தொடர்கதையின் சுமை ஏறி, அந்தந்த வார வழக்கு மெலிந்துபோகிறது. ஒன்பதாவது பருவத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் பாதி புரியாது.

நிதானத்தின் உச்சம் என்றால் எங்கள் தேர்வு 'ஃபாயில்ஸ் வார்'. 2002 முதல் 2015 வரை 28 கதைகள்; கதை 1940-இல், போர்க்கால ஹேஸ்டிங்ஸ் கடலோர ஊரில் தொடங்குகிறது. உருவாக்கி, பெரும்பாலான கதைகளை எழுதியவர் ஆந்தனி ஹோரோவிட்ஸ். போலீஸ் அதிகாரி ஃபாயிலாக வரும் மைக்கேல் கிச்சன், தன் வசனத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பாராம். திரையில் அது தெரிகிறது: உதட்டோரம் ஒரு சுழிப்பு, அரை மூச்சு, 'ஆமாம்' என்று ஒரு சொல். அவ்வளவில் எதிராளி தானே உளறிவிடுவார். அன்றைய சட்டத்தில் கொலைக்குத் தண்டனை தூக்கு. அதனால் ஃபாயில் குற்றவாளியைக் கண்டுபிடித்ததும் வெற்றிக்களிப்பு எதுவும் இல்லை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒரே ஒரு மாலைதான் கைவசம் என்றால் அதன் முதல் கதை 'தி ஜெர்மன் வுமன்' போதும். போர்முனையில் ஆயிரக்கணக்கில் சாகும்போது ஒரு பெண்ணின் கொலைக்கு இவ்வளவு மெனக்கெடல் ஏன் என்று கேட்கிறார்கள். கடைசியில் கொலையாளியே, நாட்டுக்கு நான் தேவை, விட்டுவிடுங்கள் என்று வாதாடுகிறான். ஃபாயில் உடனே பதில் சொல்வதில்லை. அந்த இடத்தில் கைபேசியைப் பார்த்துவிடாதீர்கள்.