ஒரே விவரம், இரண்டு லேப்டாப்: டர்பனில் எதை எடுப்பது?

தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) முடிவுகள் ஜனவரியில் வருகின்றன. அடுத்த மாதமே பல்கலைக்கழகம் திறந்துவிடும். இடையில் கிடைக்கும் சில வாரங்களில் டர்பனில் பல பெற்றோர் லேப்டாப் கடைகளை ஏறி இறங்குவார்கள். அப்போது என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான்: “ரெண்டுலயும் ஒரே மாதிரிதானே எழுதியிருக்கு அண்ணா, விலை குறைஞ்சதையே எடுத்துடலாமா?”

இந்த முறை கேட்டவர் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி. மகள் பி.காம். சேர்கிறாள். அவர்கள் பார்த்து வைத்திருந்த இரண்டு லேப்டாப்பிலும் ரைசன் 5 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 என்று வரிக்கு வரி ஒரே விவரம். ஒன்று வெள்ளி நிறம், 15.6 அங்குல ஸ்கிரீன். மற்றது கறுப்பு, 14 அங்குலம், 1,500 ராண்டு கூடுதல். நான் கறுப்பை எடுக்கச் சொன்னேன். பெரிய ஸ்கிரீனையும் குறைந்த விலையையும் விட்டுவிட்டு ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதே மாதிரி ஜோடி எல்லாக் கடையிலும் இருக்கிறது.

முதலில் ப்ராசஸர், அதாவது லேப்டாப்பின் மூளை. விவரச் சீட்டில் “ரைசன் 5 7000 சீரிஸ்” என்று மட்டும் போட்டிருந்தால் முழு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளியில் இருந்தது 7520யு. கறுப்பில் 7530யு. ஒரே ஒரு இலக்கம்தான் வேறு. ஆனால் ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி 2023 மாடல்களுக்கு வைத்த எண் முறையில் எல்லா இலக்கத்துக்கும் ஒரே மதிப்பு இல்லை. முதல் இலக்கமான 7, 2023-ஆம் ஆண்டு மாடல் என்பதைக் குறிக்கிறது. அதனால் இரண்டுமே புதியவை போலத் தெரியும். மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்று காட்டுவது. 2 என்றால் ஸென் 2, அது 2019-இல் வந்தது. 3 என்றால் ஸென் 3, அது 2020.

ஒரு வருடம்தானே என்று விட்டுவிட வேண்டாம். 7520யு-வில் 4 கோர் (கணக்கிடும் பகுதி), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை), 4 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்). 7530யு-வில் 6 கோர், 12 த்ரெட், 16 எம்பி கேஷ். கிராபிக்ஸ் பகுதியில் முதலாவதில் இரண்டே கம்ப்யூட் யூனிட் (ஸ்கிரீனில் படம் காட்டும் வேலையைச் செய்யும் பகுதி). இரண்டாவதில், கொஞ்சம் பழைய வேகா வகை என்றாலும், ஏழு. வேர்டில் கட்டுரை எழுதும்போது இந்த வித்தியாசம் தெரியாது. ஒரு பக்கம் டீம்ஸில் வகுப்பு, இன்னொரு பக்கம் பெரிய எக்செல் ஃபைல், பின்னால் இருபது டேப் என்று வேலை சேரும்போதுதான் தெரியும். கணக்கியல் படிக்கிற பிள்ளைக்கு அதுதான் அன்றாடம்.

இன்டெல் பக்கமும் இதே கவனம் வேண்டும். ஐ5 என்ற பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எண்ணின் கடைசியில் யு இருந்தால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வகை. எச் இருந்தால் வேகம் அதிகம், சூடும் அதிகம்.

அடுத்து ரேம். இன்றைக்கு இரண்டிலும் 16 ஜிபிதான், சரி. ஆனால் வெள்ளியில் அது முழுக்க மதர்போர்டிலேயே, கழற்ற முடியாதபடி சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. 7520யு சிப்பும் 16 ஜிபிக்கு மேல் ஏற்காது. கறுப்பில் 8 ஜிபி சால்டர், மீதி 8 ஜிபி ஒரு ஸ்லாட்டில். நாளைக்கு அந்த ஸ்லாட்டில் இருப்பதைக் கழற்றிவிட்டு 16 ஜிபி துண்டைப் போட்டால் மொத்தம் 24 ஆகிவிடும். பி.காம். மூன்று வருடம், ஹானர்ஸ் படித்தால் இன்னும் ஒரு வருடம். அதுவரை ஒரே லேப்டாப் போதுமா, நடுவில் இன்னொன்று வாங்க வேண்டுமா என்பதை இந்த ஒரு ஸ்லாட் முடிவு செய்யலாம். நடுத்தரக் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமே இல்லை.

எஸ்எஸ்டி பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். இரண்டிலும் அது எம்.2 வகை, கழற்றி மாற்றலாம். 512 நிறைந்துபோனால் 1 டிபி போட்டுக்கொள்ளலாம். ரொம்ப மலிவான லேப்டாப்களில் எஸ்எஸ்டிக்குப் பதிலாக இஎம்எம்சி என்று போட்டிருக்கும். அதை மட்டும் தொடாதீர்கள். வேகம் குறைவு, மாற்றவும் முடியாது.

இனி மின்சாரம். நம் நாட்டில் லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான தலைப்பு இல்லை. லோட்ஷெடிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) 2007-08இல் தொடங்கியது. 2023தான் மிக மோசமான வருடம். 2024 மார்ச் 26-இல் அதை நிறுத்திய பிறகு மாதக்கணக்கில் விளக்கு அணையவில்லை, அதனால் பலருக்கு இந்தக் கவலை போய்விட்டது. ஆனால் 2025-இன் தொடக்கத்தில் சில நாட்கள் மறுபடியும் வந்தது. அப்புறம் கேபிள் திருட்டு, பழைய டிரான்ஸ்ஃபார்மர், பெருமழை எல்லாம் இருக்கவே இருக்கின்றன. பரீட்சைக்கு முந்தைய இரவு கரண்ட் போகாது என்று யாரும் உறுதி தர முடியாது.

வெள்ளியின் பேட்டரி 42 வாட்-மணி, கறுப்பின் பேட்டரி 57. “பத்து மணி நேரம் நிற்கும்” என்கிற விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு இந்த எண்ணைப் பாருங்கள். வைஃபை, பிரவுசர், வேர்டு என்று மிதமான வேலைக்கு லேப்டாப் சுமார் 10 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால் வெள்ளி நாலு மணி நேரம் தாண்டும், கறுப்பு ஐந்தரை மணி தாண்டும். புதிதாக இருக்கும்போது இரண்டுமே போதும். இரண்டு, மூன்று வருடத்தில் பேட்டரி ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்தால்? வெள்ளி மூன்றேகால் மணி நேரத்துக்கு இறங்கிவிடும். கறுப்பில் நாலரை மிஞ்சும்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது சார்ஜர். வெள்ளியில் வட்ட முனை சார்ஜர். யூஎஸ்பி-சி துளை ஒன்று இருக்கிறது, ஆனால் அது டேட்டாவுக்கு மட்டும், அதில் சார்ஜ் ஏறாது. கறுப்பு 65 வாட் யூஎஸ்பி-சி வழியாகவே சார்ஜ் ஆகும். கரண்ட் போன வீட்டில் வட்ட முனைக்கு 230 வோல்ட் தரும் இன்வெர்ட்டர் வேண்டும். யூஎஸ்பி-சிக்கு லேப்டாப்புக்கே சார்ஜ் தரக்கூடிய ஒரு நல்ல “பிடி” (பவர் டெலிவரி) பவர்பேங்க் போதும். 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் என்பது கிட்டத்தட்ட 74 வாட்-மணி. வழியில் வீணாவது போக, கறுப்பு லேப்டாப்பை ஏறக்குறைய ஒரு முறை நிரப்பிவிடும். அதே பவர்பேங்க் போனுக்கும் உதவும். சார்ஜர் தொலைந்தாலும், அதே வாட் உள்ள யூஎஸ்பி-சி சார்ஜர் எந்தக் கடையிலும் கிடைக்கும். வட்ட முனைக்கு அந்த மாடலுக்குப் பொருந்துவதைத் தேடி அலைய வேண்டும்.

துளை இருக்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். சார்ஜ் ஆகுமா என்று கடையில் வெளிப்படையாகக் கேளுங்கள். முடிந்தால் உங்கள் கேபிளைச் சொருகிப் பாருங்கள். எந்த லேப்டாப் என்றாலும் ஒரு சர்ஜ் பிளக் சேர்த்து வாங்குங்கள். கரண்ட் போவதைவிட, அது திரும்பி வரும் நொடியில் வரும் அதிக வோல்ட்டேஜ்தான் சார்ஜரைக் கெடுக்கும்.

ஸ்கிரீனில் வெள்ளிக்கு ஒரு சாதகம் உண்டு: எழுத்து பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் நம்பர் பேடும் இருக்கிறது. கணக்குப் படிக்கிறவர்களுக்கு நம்பர் பேடு நிஜமாகவே உதவும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தனி நம்பர் பேடு யூஎஸ்பியில் மலிவாகக் கிடைக்கும். கறுப்பின் ஸ்கிரீன் 1920-க்கு 1200, வெள்ளி 1920-க்கு 1080. உயரத்தில் கூடுதலாக 120 பிக்சல், அதாவது எக்செலில் இன்னும் சில வரிசைகள் கண்ணில் படும். வெள்ளியின் ஸ்கிரீனைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறுகிறது. தினமும் டாக்ஸியிலும் பஸ்ஸிலும் போகிற பிள்ளைக்கு 14 அங்குலம் பையில் அடங்குவதும் ஒரு நிம்மதி.

தமிழில் தட்டச்சு செய்ய இரண்டிலும் விண்டோஸிலேயே கீபோர்டு இருக்கிறது. செட்டிங்ஸில் மொழியாகத் தமிழைச் சேர்த்தால் போதும், தனியாக எதற்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

வெள்ளி யாருக்குச் சரி? வீட்டில் ஒரே மேசையில் வைத்து, இணையம், வங்கி வேலை, வீடியோ அழைப்பு என்று பயன்படுத்தும் தாத்தா பாட்டிக்கு அது நல்ல லேப்டாப். பெரிய எழுத்து அவர்களுக்கு வேண்டும், ஆறு கோர் வேண்டாம். விலை வித்தியாசம் 1,500-ஆக இல்லாமல் 4,000 ராண்டாக இருந்திருந்தால், மாணவிக்கும் அதையே எடுத்துவிட்டு மிச்சப் பணத்தில் ஒரு சின்ன இன்வெர்ட்டர் வாங்கச் சொல்லியிருப்பேன்.

வாங்கும் இடத்தையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். அதே கறுப்பு மாடல் ஆன்லைனில் கொஞ்சம் மலிவாகக் கிடைத்தால், சார்ஜர் கேபிளில் நம் ஊர்ப் பிளக்தானா என்று கேளுங்கள். வேறு நாட்டுப் பிளக்கோடு அடாப்டர் தருகிறார்கள் என்றால் அது வெளியிலிருந்து நேரடியாகக் கொண்டுவந்த சரக்காக இருக்கலாம். தயாரிப்பாளரின் வாரண்டி தென்னாப்பிரிக்காவில் செல்லுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் வாங்குவதில் ஒரு நன்மை உண்டு. 2002-ஆம் ஆண்டு மின்னணு வர்த்தகச் சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி, பொருள் கைக்கு வந்த 7 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. கடைக்கு நேரில் போய் வாங்கினால் மனம் மாறியதற்காகத் திருப்பும் உரிமை சட்டத்தில் இல்லை, அது கடையின் சொந்த விதியைப் பொறுத்தது. பொருளில் குறை இருந்தால் கதையே வேறு. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு ஆறு மாதம் தருகிறது. பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பதை வாங்கியவர்தான் தேர்ந்தெடுப்பார். “ரிப்பேர் மட்டும்தான் செய்வோம்” என்று கவுண்டரில் சொன்னால் இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லுங்கள். பழுது பார்த்த பிறகு மூன்று மாதத்துக்குள் அதே குறை மறுபடி வந்தால் மாற்றியோ பணமாகவோ தந்தே ஆக வேண்டும்.

அதனால் கொண்டுவந்த முதல் வாரத்திலேயே லேப்டாப்பை நன்றாக வேலை வாங்கிப் பாருங்கள். எல்லாக் கீயையும் அழுத்துங்கள், கேமராவில் பேசுங்கள், பேட்டரியை ஒரு முறை முழுக்க இறக்கி நேரம் குறித்துக்கொள்ளுங்கள், டாஸ்க் மேனேஜரைத் திறந்து ப்ராசஸரின் எண்ணும் ரேமின் அளவும் சீட்டில் சொன்னதுதானா என்று சரிபாருங்கள்.