திருவிழா மைக் செட்: ஓம் இணைப்பா, 100 வோல்ட் லைனா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் பங்குத் திருவிழாவுக்கோ கோயில் கொடைக்கோ மைக் செட் கட்டும்போது, மேடைக்கு முன்னால் அமர்ந்திருக்கும் கூட்டத்துக்கும், குருசடி (சிறு சிலுவைக் கோயில்) முக்கிலிருந்து கடற்கரை வரை நீளும் தெருவுக்கும் ஒலி போய்ச் சேர வேண்டும். இவ்விரண்டுக்கும் ஒரே வகை இணைப்பு பொருந்தாது. வழக்கமான மைக் செட் ஆம்பின் (ஆம்ப்ளிஃபயரின்) பின்புறத்தைப் பார்த்தால் காமன் (பொது முனை), 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட் என்று திருகுகள் வரிசையாக இருக்கும். காமனோடு எந்தத் திருகைச் சேர்க்கிறோம் என்பதில்தான் ஆம்பின் ஆயுளும் ஸ்பீக்கரின் ஆயுளும் அடங்கியிருக்கின்றன.

ஸ்பீக்கரை நேரடியாக 4, 8, 16 ஓம் திருகில் மாட்டும் ஓம் இணைப்பு எளியது. ஸ்பீக்கருக்குள் டிரான்ஸ்பார்மர் தேவையில்லை என்பதால் செலவு குறைவு, பேஸ் (தாழ்) ஒலியும் கெடாமல் வரும். ஆனால் கணக்குத் தவறக்கூடாது. 16 ஓம் யூனிட் (ஸ்பீக்கரில் ஒலி எழுப்பும் பாகம்) நான்கைப் பேரலலாக, அதாவது ஒரே இரு வயர்களுக்கு இடையே பக்கம் பக்கமாகக் கொடுத்தால் மொத்தம் 4 ஓம் ஆகும். அதை 4 ஓம் திருகில் நிம்மதியாக மாட்டலாம். 'இன்னொன்றுதானே' என்று ஐந்தாவதைச் சேர்த்தால் 3.2 ஓமாக இறங்கிவிடும், ஆம்ப் தாங்க வேண்டிய மின்னோட்டம் கூடும், அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் சூடேறும். ஓம் கூடுவதால் ஆபத்தில்லை, ஒலி குறையும் அவ்வளவுதான். குறைவதுதான் ஆபத்து.

தூரம் கூடும்போது ஓம் இணைப்பு தோற்றுப்போகிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை 100 மீட்டர் இழுத்தால், போக வர அதன் தடை மட்டுமே ஏறத்தாழ 2.3 ஓம் வரும். எதிர்முனையில் 4 ஓம் சுமை இருந்தால், ஆம்ப் தரும் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வயரிலேயே வெப்பமாகப் போய்விடும். 100 வோல்ட் லைன் என்பது மின்னழுத்தத்தைக் கூட்டி, மின்னோட்டத்தைக் குறைத்து அனுப்பி, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் டிரான்ஸ்பார்மரால் இறக்கிக்கொள்ளும் முறை. அதே வயரில் 100 வோல்ட் லைனாக 200 வாட் கொண்டுபோனால் சுமை 50 ஓம். இழப்பு 4 சதவீத அளவில் நின்றுவிடும். கணக்கும் இங்கே சுலபம்: ஒவ்வொரு ஸ்பீக்கரின் லைன் டிரான்ஸ்பார்மரிலும் தேர்ந்தெடுத்த டேப்பின் (வாட் அளவைத் தீர்மானிக்கும் இணைப்பு முனையின்) வாட்டைக் கூட்டினால் போதும். 250 வாட் ஆம்பில் 20 வாட் டேப் பத்து வரை போட்டு, மீதியை இருப்பாக விட்டுவிடலாம். வீடுகளுக்கு அருகிலுள்ள ஸ்பீக்கரை 10 வாட்டுக்கு இறக்கினாலும் 3 டெசிபல்தான் குறையும்.

100 வோல்ட் லைனின் பலவீனம் பேஸில் இருக்கிறது. செண்டை மேளத்தின் கீழ் ஒலியை அப்படியே லைனில் அனுப்பினால் சிறிய டிரான்ஸ்பார்மரின் இரும்பு உள்ளகம் காந்தப் புலத்தால் நிறைவுற்று, அந்தக் கணங்களில் ஆம்புக்கு ஏறக்குறைய ஷார்ட் போலத் தோன்றும். கூம்பு யூனிட்டின் டயாப்ரமும் (அதிரும் தகடும்) அதற்கு ஈடு கொடுக்காது. எனவே தெரு லைனுக்குப் பேஸ் குமிழைக் குறைத்தே வைக்க வேண்டும்.

இரண்டு முறைகளும் கலக்கும் இடமே மிக மோசமானது. டிரான்ஸ்பார்மர் இல்லாத 16 ஓம் யூனிட் ஒன்றை யாரோ 100 வோல்ட் லைனில் தொட்டுவிட்டால், முழு ஒலியில் அது இழுக்கப் பார்ப்பது 625 வாட். 40 வாட் தாங்கும் யூனிட்டின் காயில் (கம்பிச் சுருள்) எரிந்துபோகும், அல்லது ஆம்ப் முதலில் விழும். தலைகீழாக, 20 வாட் டேப் போட்ட லைன் ஸ்பீக்கரை அதே 250 வாட் ஆம்பின் 8 ஓம் திருகில் மாட்டினால் 4 வாட்தான் கிடைக்கும், முணுமுணுக்கும், கெட்டுப்போகாது. தவறு ஒன்றுதான், விலைதான் வேறு. அதனால் மேடைக்கு ஓம் இணைப்பில் ஒரு ஆம்ப், தெருவுக்கு 100 வோல்ட் லைனில் தனி ஆம்ப் என்பதே என் தேர்வு. இரண்டாவது ஆம்பின் வாடகை ஒரு செட் காயில் மாற்றும் செலவை எட்டாது என்றே நினைக்கிறேன்.

மேடை ஆம்பின் வாட் எவ்வளவு என்பதில் வாதம் ஓய்வதில்லை. சிறிய ஆம்ப் ஸ்பீக்கரை எரிக்கும் என்பது பாதி உண்மை. 50 வாட் ஆம்பை அலை நுனி வெட்டுப்படும் வரை முறுக்கினால் அது 100 வாட் வரை தள்ளக்கூடும். தாழ் ஒலிக்கான 200 வாட் ஊஃபருக்கு அது ஒன்றுமில்லை, ஆனால் சில வாட் மட்டுமே தாங்கும், உயர் ஒலிக்கான ட்வீட்டர் போய்விடும். ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் அளவைப்போல் (தொடர்ந்து தாங்கும் வாட்டைப்போல்) ஒன்றரை மடங்கு ஆம்ப், அலை வெட்டுப்படுவதைக் காட்டும் கிளிப் விளக்கைக் கவனிக்கும் ஆபரேட்டர் இருந்தால் நல்லது. இளைஞர்கள் மாறி மாறி உட்காரும் மேடையென்றால் சம அளவே போதும். அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பிஎம்பிஓ (கணநேர உச்சத்தைப் பெரிதாக்கிக் காட்டும்) எண்ணை எந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம்.

இரு பருவமழையும் உப்புக் காற்றும் சேரும் இந்த மாவட்டத்தில், தென்னையில் கட்டிய ஜாயின்ட்டுகள் விரைவில் பச்சை பூத்துவிடும். 100 வோல்ட் லைன் ஷாக்கும் அடிக்கும் என்பதால் ஜாயின்ட்டை இன்சுலேஷன் டேப் சுற்றி மூடாமல் விடக்கூடாது. கட்டி முடித்த முதல் நாளே, லைனை ஆம்பிலிருந்து கழற்றி மல்டிமீட்டரில் அளந்து, வந்த எண்ணை ஆம்பின் மேல் எழுதி ஒட்டி வைப்பது நல்லது. மழைக்குப் பிறகு அந்த எண் வெகுவாகக் குறைந்திருந்தால் எங்கோ ஷார்ட், கூடியிருந்தால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும் சரிசெய்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.