காவா இஜென் எரிமலை ஏரிக்குப் பாலியிலிருந்து செல்கிறவர்கள் முன்பணம் கட்டும் முன் படிக்கவும்

பாலிக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் பலர், கடல் கடந்து கிழக்கு ஜாவாவிலுள்ள காவா இஜென் எரிமலை ஏரியையும் ஒரே இரவில் பார்த்துத் திரும்பும்படி திட்டமிடுகிறார்கள். நானும் என் மனைவியும் அவளுடைய தம்பியும் அப்படித்தான் சென்னையிலிருந்தபடியே ஏற்பாடு செய்துகொண்டு போனோம். பணம் போனது எங்களுக்குப் பெரிய வருத்தம் இல்லை. மூச்சிரைப்பு உள்ளவர் ஒருவர் வருகிறார் என்று முன்கூட்டியே எழுதிச் சொல்லியும், வேலை செய்யாத முகக்கவசத்தைக் கொடுத்து என் மனைவியைக் கந்தகப் புகைக்குள் ஏற்றிவிட்டார்களே, அதற்காகத்தான் இந்தப் பதிவு.

இடத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். பாஞுவாங்கி, போண்டோவோசோ ஆகிய இரு மாவட்டங்களின் எல்லையில் இருக்கும் இந்த எரிமலை வாய்க்குள், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலத்தில் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் ஓர் ஏரி இருக்கிறது. உலகின் மிகப் பெரிய அமில எரிமலை ஏரி இதுதான் என்கிறார்கள். அதன் நீர் எலுமிச்சைச் சாற்றைவிடப் பல மடங்கு கடுமையான அமிலம். ஏரிக்கரையில் பாறை வெடிப்புகளின் வழியே மிகுந்த சூட்டோடு வெளிவரும் கந்தக வாயு காற்றுப் பட்டதும் தீப்பிடித்து நீல நிறத்தில் எரிவதால், இருட்டில் மட்டும் தெரியும் அந்த நீலச் சுடரைப் பார்ப்பதற்காகவே எல்லோரும் நள்ளிரவில் மலை ஏறுகிறார்கள். பால்டுடிங் என்னும் அடிவாரத்திலிருந்து விளிம்பு வரை சுமார் மூன்று கிலோமீட்டர். ஏற்றம் ஏறத்தாழ 500 மீட்டர். நடையைப் பொறுத்தவரை வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு இது பெரிய காரியமே அல்ல. இங்கே ஆபத்து காற்றில் இருக்கிறது. 2018 மார்ச்சில் இதே மலையிலிருந்து திடீரென வெளியேறிய வாயுவால் அடிவாரக் கிராமத்தினர் ஏறத்தாழ 30 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

இணையத்தில் படங்களைப் பார்த்து, பாலியிலிருந்து இயங்குவதாகச் சொன்ன ஓர் ஏற்பாட்டாளரிடம் வாட்ஸ்அப் வழியே பேசினோம். தனி வண்டி, உரிமம் பெற்ற வழிகாட்டி, நுழைவுச்சீட்டு, மருத்துவச் சான்று, வாயு முகக்கவசம், காலை உணவு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 22 லட்சம் ரூபியா, அதாவது நம் பணத்தில் ஏறத்தாழ 12 ஆயிரம் ரூபாய் என்றார். மனைவிக்கு ஆஸ்துமா இருப்பதையும், இன்ஹேலர் பயன்படுத்துவதையும் எழுதினேன். "கவலை வேண்டாம், எங்களிடம் இருப்பது மருத்துவத் தரமான கவசம்" என்று பதில் வந்தது. நீலச் சுடர் கட்டாயம் தெரியுமா என்று கேட்டதற்கு, "வானம் தெளிவாக இருந்தால் நூறு சதவீதம்" என்றார். முழுத்தொகையையும் முதலிலேயே கட்டினால்தான் நுழைவுச்சீட்டுப் பதிவு செய்ய முடியும் என்று சொன்னதை நம்பி, அவர் கொடுத்த கணக்குக்கு அனுப்பிவிட்டேன். அந்தக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு தனி மனிதரின் பெயரில் இருந்தது. அப்போதே நான் நின்றிருக்க வேண்டும்.

இரவு எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன வண்டி பத்தே காலுக்கு வந்தது. உள்ளே ஏற்கெனவே நான்கு பேர் இருந்தார்கள். மேலும் மூன்று விடுதிகளில் நின்று ஆட்களை ஏற்றியபின் மொத்தம் 13 பேர். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த இளம் தம்பதியர் தங்கள் விடுதி வழியாக இதே வண்டிக்கு ஆளுக்கு 11 லட்சம் ரூபியா மட்டுமே கொடுத்திருந்தார்கள். ஓட்டுநரைக் கேட்டால், தன்னை அனுப்பியவர் வேறு ஒருவர் என்றும், நாங்கள் பணம் கட்டிய பெயரைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றும் சொன்னார். எங்களை ஒருவர் இன்னொருவருக்கும் அவர் மற்றொருவருக்கும் கைமாற்றி விட்டிருக்கிறார்கள் என்பது அங்கேதான் புரிந்தது.

பாலியின் கிலிமானுக் துறைமுகத்தில் படகேறி ஜாவாவின் கெதாபாங்கில் இறங்கியதும், சாலையோரம் விளக்கெரிந்த ஒரு சிறிய அறையின் முன்னால் வண்டியை நிறுத்தினார்கள். இஜெனுக்கு ஏற மருத்துவச் சான்று கேட்கிறார்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களை வடிகட்டுவதற்காகவே அந்த விதி. ஆனால் எங்களில் ஒருவரும் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஓட்டுநர் எல்லோருடைய கடவுச்சீட்டுகளையும் வாங்கிக்கொண்டு போனார், பத்து நிமிடத்தில் முத்திரையிட்ட 13 தாள்களோடு திரும்பினார். எங்கள் மூன்று தாள்களையும் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். மூவருக்கும் இரத்த அழுத்தம் 120/80. மூவருக்கும் எடை 65 கிலோ. நீல மையில் ஒரே கையெழுத்து. ஆஸ்துமாவுக்கான கட்டத்தில் மூவருக்கும் "இல்லை" என்ற இடத்தில் குறி. என் மைத்துனன் எடை 88 கிலோ. அந்தத் தாளைக் கண்டபோதே மனைவியைக் கீழே நிறுத்தியிருக்க வேண்டும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணத்தில் அதைச் செய்யாமல் விட்டது என் தவறு.

பால்டுடிங்கை அடைந்தபோது ஜாவா நேரப்படி மணி நான்கே முக்கால். விளிம்புக்கு ஏறி முடிப்பதற்குள் விடிந்துவிடும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய அதிர்ச்சி, நுழைவாயிலில் தொங்கிய அறிவிப்புப் பலகை: வாயு அதிகமாக இருப்பதால் விளிம்பிலிருந்து ஏரிக்கரைக்கு இறங்கத் தடை. நீலச் சுடர் இருப்பது அந்தக் கரையில்தான். தடை போட்டு ஒன்பது நாள் ஆகிறது என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். நான் பணம் அனுப்பியது நான்கு நாள் முன்பு. ஆக, "நூறு சதவீதம்" என்று எழுதிய நாளில் அவருக்கு அது நடக்காது என்று தெரிந்திருக்கிறது, அல்லது தெரிந்துகொள்ள அவர் முயலவே இல்லை.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி, பல வருடம் கந்தகம் சுமந்த மனிதர். இரண்டு மூங்கில் கூடைகளைத் தண்டில் கோத்து, ஒரு நடைக்கு 70, 80 கிலோ வரை சுமந்து எரிமலை வாய்க்குள்ளிருந்து மேலே ஏறிவரும் தொழிலாளிகளை இன்றும் அங்கே பார்க்கலாம். அவருடைய வலத் தோளில் தண்டு அழுந்திய இடத்தில் சதை முண்டுபோல் தடித்திருந்தது. 13 பேருக்கு அவர் ஒருவர். அன்றிரவு இரண்டு மணிக்குத்தான் தமக்குத் தகவல் வந்தது என்றும், ஆஸ்துமா பற்றி யாரும் சொல்லவில்லை என்றும் வருத்தத்தோடு சொன்னார். அவர்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

கவசங்கள் ஒரு கோணிப்பையில் வந்தன. ரப்பர் பட்டைகள் வெடித்திருந்தன, உள்பக்கம் முன்னர் அணிந்தவரின் வியர்வை வாடை. இருபுறமும் திருகிப் பொருத்தும் வடிகட்டிகளில் தேதி அச்சிட்ட இடம் தேய்ந்து போயிருந்தது. கந்தக டைஆக்சைடு போன்ற அமில வாயுவை உறிஞ்சும் வடிகட்டி, உறை பிரித்த நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வேலையை இழந்துகொண்டு வரும். அதன்பின் அது முகத்தில் மாட்டிய வெறும் டப்பாதான். கந்தகச் சுமைகளை நிறுத்து எடை பார்க்கும் போண்டோக் பூண்டரைத் தாண்டியதும் காற்று திரும்பியது. கவசத்தை அணிந்த பிறகும் தீக்குச்சி உரசியது போன்ற நெடி தொண்டையில் இறங்கியது. மனைவி இருமத் தொடங்கினாள். இரண்டு முறை இன்ஹேலர் அடித்தும் அடங்கவில்லை. வழிகாட்டி ஓடி வந்து, "இபு (அம்மா), இதைக் கழற்றுங்கள்" என்று சொல்லி, தம்முடைய சொந்தக் கவசத்தைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டு, ஈரத்துணியை வாயில் கட்டிக்கொண்டு எங்களோடு கீழே இறங்கினார். மற்றவர்கள் வழிகாட்டி இல்லாமலே விளிம்புக்குப் போனார்கள். 2024 ஏப்ரலில் படம் எடுத்துக்கொள்ளும்போது ஒரு சீனப் பெண் தவறி விழுந்து இறந்த அதே விளிம்பு அது. ஏரியை நாங்கள் மூவரும் பார்க்கவில்லை.

பாலிக்குத் திரும்பியதும் பணத்தைக் கேட்டேன். மலை மூடியிருந்தது இயற்கையின் செயல், அதற்குத் தாம் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. தனி வண்டி எங்கே, சான்று எப்படி வந்தது, வடிகட்டி எந்த வருடத்தது என்று வரிசையாகக் கேட்டேன். மறுநாள் என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

போக விரும்புகிறவர்கள் பாஞுவாங்கியிலோ மலையடிவாரக் கிராமங்களிலோ ஒரு நாள் முன்னதாகத் தங்கி, உள்ளூர் வழிகாட்டியை நேரில் பார்த்துப் பேசி ஏற்பாடு செய்யுங்கள். நள்ளிரவுப் பயணமும் இடைத்தரகரும் இரண்டுமே இல்லாமல் போகும். ஏரிக்கரைக்கு இறங்க அனுமதி இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்காதீர்கள். எரிமலையின் எச்சரிக்கை நிலையை இந்தோனேசிய அரசின் மாக்மா இந்தோனேசியா தளத்தில் பார்த்துவிட்டு, பால்டுடிங்கில் அனுமதி உண்டா என்று தங்கும் விடுதியில் அன்று மாலையே விசாரியுங்கள். நுழைவுச்சீட்டு உங்கள் கடவுச்சீட்டுப் பெயரில் வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். வடிகட்டியை உறையோடு வாங்கி உங்கள் கையால் பிரியுங்கள்; அதன் மேல் உள்ளங்கையை அழுத்தி மூச்சிழுக்கும்போது கவசம் முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், ஒட்டாவிட்டால் ஓரத்தில் காற்று புகுகிறது என்று பொருள். மூச்சிரைப்பு உள்ளவர்களை எந்தக் கவசத்தை நம்பியும் அழைத்துப் போகாதீர்கள்.

மனைவிக்கு இருமல் முழுதாக நிற்கப் பதினோரு நாள் ஆயிற்று. அந்த மூன்று சான்றிதழ்களையும், வாட்ஸ்அப் உரையாடலையும், பணம் அனுப்பிய ரசீதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பணம் அனுப்பிய செயலியில் புகார் பதிவாகி ஏழு வாரம் ஆகிறது, இன்னும் முடிவு வரவில்லை.